திண்டுக்கல் வட்டாரத்து மனைத்தோட்டம்: வண்டல் கொணர்ந்ததும் செடி தேர்ந்ததும்

1. முன்னுரை

தமிழர் உழவு பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பல. நன்செய் புன்செய்ப் பாகுபாடு, ஏரிப் பாசனம், நிலவரி, கோயில் நிலம் ஆகியன குறித்துப் பெருநூல்களே வெளிவந்துள்ளன. ஆயின், வீட்டின் புறத்தே இரண்டு மூன்று சென்ட் நிலத்தில் முருங்கையும் வாழையும் மல்லிகையும் வளர்த்து வந்த மனைத்தோட்டம் பற்றித் தனித்த ஆராய்ச்சி அருகியே காணப்படுகின்றது. இதற்குரிய காரணத்தை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

வரலாற்றாசிரியர்க்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகளிற் பெரும்பகுதி வரியைப் பற்றியன. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடுங்கால் ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை இறையிலி எனக் கழித்து, எஞ்சிய நிலத்திற்கே வரி கூறுகின்றன. மனைத்தோட்டம் ஊர்நத்தத்துள் அடங்குவது. வரியிறாத நிலம் ஏட்டில் விரிவாக ஏறுவதில்லை. ஆகவே, கழிக்கப்பட்ட நிலத்தோடு அதன் வரலாறும் கழிக்கப்பட்டது எனலாம்.

இக்கட்டுரை திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு மூன்று வினாக்களை ஆராய்கின்றது. மனைத்தோட்டத்திற்கு வேண்டிய மண் எங்கிருந்து வந்தது? அதனை எவ்வளவையால் அளந்து பெற்றனர்? அம்மண்ணில் எச்செடியை எக்காரணம் பற்றித் தேர்ந்தனர்? இம்மூன்றும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. குளத்தைத் தூர்வாருதலும் மனையைத் திருத்துதலும் ஒரே செயலின் இரு முகங்களாக இருந்தன என்பதும், அவ்விரண்டும் பிரிந்தமையே இற்றைநாள் இடர்களுக்கு ஒரு காரணம் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாம்.

2. நிலத்தின் இயல்பு

தெற்கிலும் கிழக்கிலும் சிறுமலை. மேற்கே பழனிமலைத் தொடர். இவற்றின் இடையே குடகனாறு வடக்கு நோக்கி ஓடி, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாகச் சென்று கரூர்ப் பகுதியில் அமராவதியோடு கலக்கின்றது. சிறுமலையில் தோன்றும் சந்தனவர்த்தினி இதற்குத் துணையாறு. இவ்வாறுகள் மழைக்காலத்தன்றி நீர் காண்பன அல்ல. பழனிமலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்தலின் சமவெளிக்கு ஐப்பசி கார்த்திகை மழையே பெருந்துணை.

நகரின் நடுவே நிற்கும் மலைக்கோட்டைப் பாறை இந்நிலத்தின் அடிக்கிடக்கையை விளக்கப் போதுமானது. பெரும்பாலான இடங்களில் மேலே ஆழமற்ற செம்மண், அதன்கீழ்ச் சரளை, சிற்சில இடங்களில் சுக்கான் கல், அதன்கீழ்ப் பாறை. சிற்சில தாழ்விடங்களில் மட்டும் கரிசல் காணப்படும். செம்மண் நீரை எளிதில் உள்வாங்கும்; அதே எளிமையோடு இழந்தும் விடும். ஆகவே, இருந்த மண்ணை இருந்தவாறே கொண்டு வாழையையோ கொடிக்காய்களையோ வளர்த்தல் இவ்வட்டாரத்தில் அரிது. மனைத்தோட்டம் வேண்டுவோன் மண்ணைக் கொணர வேண்டியவனாயினான். காவிரிக் கழிமுகத்து மனைத்தோட்டத்திற்கும் திண்டுக்கல் மனைத்தோட்டத்திற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. ஆங்கு ஆறே வண்டலைக் கொணர்ந்து பரப்பியது. ஈண்டு மனிதன் தலையிலும் வண்டியிலும் சுமந்து பரப்பினான்.

3. சொற்கள் தரும் சான்று

ஏடுகள் வாய்மூடிய இடத்துச் சொற்கள் பேசும். வீட்டைச் சூழ்ந்த தோட்டத்திற்குச் சங்க இலக்கியம் வழங்கும் பெயர் படப்பை என்பது. பெரும்பாணாற்றுப்படை மருதநிலத்து உழவரின் தனிமனைகளைக் காட்டுமிடத்து, தென்னையோலை வேய்ந்த வீட்டையும் மஞ்சள் விளங்கும் முற்றத்தையும் அதனைச் சார்ந்த நறுமணத் தோட்டத்தையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. நொச்சியும் வயலைக் கொடியும் மனையைச் சார்ந்தனவாக அகப்பாடல்களில் வருகின்றன. உணவு, மருந்து, மணம் ஆகிய மூன்றும் ஒரே வேலிக்குள் அமைந்த தோட்டமே படப்பை எனத் துணியலாம். அழகிற்கெனத் தனித்தோட்டம், பயனுக்கெனத் தனித்தோட்டம் என்னும் பிரிவு அக்காலத்து மனைகளில் தெளிவுறக் காணப்படவில்லை.

பிற்காலத்தில் கொல்லை, புழைக்கடை என்னும் சொற்கள் வழக்கில் மேலோங்கின. முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்த கொல்லை என்னும் சொல், வீட்டின் பின்புறத்தைக் குறிக்கலாயிற்று. பொருள் சுருங்கிய இம்மாற்றம் கருதத்தக்கது. காட்டைத் திருத்திய புனமே வீடு பெருகப் பெருகக் கொல்லைப்புறமாகக் குறுகிய வரலாறு இச்சொல்லுள் அடங்கியிருத்தல் கூடும்.

கிணற்று நீரால் விளையும் நிலம் தோட்டம், தோட்டக்கால் எனப்பட்டது. முகம்மதியர் ஆட்சியின் வழியே வந்த பாகாயத்து என்னும் பாரசீகச் சொல் இதற்கே வருவாய்த் துறைப் பெயராயிற்று. 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியார் கைக்கு உறுதியாக வந்தபின், அவர்தம் ஆட்சித் தலைவருள் ஒருவரான ஹர்டிசு காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டன. 1868 இல் வெளிவந்த நெல்சனின் மதுரைச் சீமைக் கையேடும், 1906 இல் வெளிவந்த பிரான்சிசின் மதுரை மாவட்ட விவரச்சுவடியும் இவ்வரலாற்றை விரித்துரைக்கும். ஆயின் அவர் தோட்டம் எனக் குறித்தது வரிக்குரிய கிணற்றுத் தோட்டத்தையே. வீட்டின் புறத்துக் கொல்லையை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் ஆகாது.

4. செடி நடும் உரிமை

இன்று ஒருவன் தன் மனையில் எச்செடியையும் நடுவான். பண்டு அஃது அவ்வாறன்று. பல்லவர் காலத்தில் குவளை நடுவதற்கும் காணம் என்னும் வரி இருந்தது. சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைக் கொடையாக வழங்குங்கால் அதனோடு வழங்கும் உரிமைகளைப் பட்டியலிடுகின்றன. ஆனைமங்கலச் செப்பேட்டில் அவ்வுரிமைகள் விரிவாகக் காணப்படும். சுட்ட ஓட்டால் மாடமாளிகை எடுத்தல், துரவும் கிணறும் தோண்டுதல், தென்னை இடுதல், தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நடுதல், மா, பலா, கமுகு முதலான பயன்மரங்கள் வைத்தல் என்பன அவற்றுட் சில.

இப்பட்டியலை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று உண்மைகள் புலனாகும். ஒன்று, செங்கல்லும் ஓடும் கிணறும் மரமும் மணச்செடியும் ஒரே தொடரில் வருதலின், மனை அமைத்தல் என்பது வீடும் தோட்டமும் சேர்ந்த ஒரு முழுமையாகக் கருதப்பட்டது. இரண்டு, மணச்செடிகள் உணவு மரங்களுக்குத் தாழ்ந்தவையாக எண்ணப்படவில்லை. மூன்று, செடியைத் தேர்தல் தனியொருவரின் விருப்பமாக மட்டும் இன்றி ஆட்சியோடு தொடர்புடைய உரிமையாகவும் இருந்தது. இச்செப்பேடுகள் சோழநாட்டன, கொடையூர்களைப் பற்றியன. ஆதலின் அவற்றின் விதிகளை அப்படியே திண்டுக்கல் வட்டாரத்திற்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும் நடுவதற்கும் தோண்டுவதற்கும் இசைவு வேண்டிய ஒரு காலம் தமிழகத்தில் இருந்தது என்னும் அளவிற்கு அவை சான்றாவன. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

5. வண்டலின் இரு வழிகள்

கொணர்ந்த மண்ணுள் தலையாயது குளத்து வண்டல். திண்டுக்கல் வட்டாரத்தில் நீர்நிலையைக் குளம் என்றும் கண்மாய் என்றும் வழங்குவர். மலைச்சரிவிலிருந்து ஓடைநீர் கொணரும் இலைமக்கும் நுண்மண்ணும் குளத்தின் அடியில் ஆண்டுதோறும் படிகின்றன. குளத்திற்கு அது கேடு, கொள்ளளவைக் குறைக்கும். செம்மண் நிலத்திற்கு அதுவே ஆக்கம். நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலை அளிக்கும். ஒரே பொருள் இருந்த இடத்தில் நோயாகவும் சென்ற இடத்தில் மருந்தாகவும் அமைந்தமை வியப்பிற்குரியது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் ஏரியைத் தோண்டி மண்ணைக் கரையில் இடுவதற்கெனப் பொன்னும் நிலமும் அறமாக வைக்கப்பட்டதைக் கூறுகின்றன. நீர் நிறைந்த காலத்தும் தோணியைக் கொண்டு வண்டலை எடுத்த செய்தியும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. இவற்றால், வண்டலை வெளியேற்றுதல் பொருட்செலவு மிக்க ஊர்ப்பணி எனக் கருதப்பட்டது தெளிவு. இது வண்டலின் முதல் வழி. அஃதாவது குளத்திலிருந்து கரைக்குச் செல்லும் வழி.

இரண்டாவது வழி குளத்திலிருந்து நிலத்திற்கும் மனைக்கும் செல்வது. இதனைக் கல்வெட்டுகள் விரித்துரைக்கவில்லை. இதற்குப் பொன் வேண்டாமையே அதன் காரணமாகலாம். சித்திரை வைகாசியில் குளம் வற்றும். அறுவடை முடிந்து மாடும் வண்டியும் ஓய்ந்திருக்கும் காலமும் அதுவே. தன் வண்டி, தன் மாடு, தன் உழைப்பு ஆகியவற்றால் உழவன் வண்டலை அள்ளிச் சென்றான், குளம் ஆழமாயிற்று. ஊருக்குக் கூலிச் செலவில்லை. உழவனுக்கு மண்விலை இல்லை. இருவர்க்கும் ஊதியமான இவ்வொழுங்கு, குடிகள் தம் உழைப்பால் நீர்நிலையைப் பேணும் குடிமராமத்தோடு இயல்பாக இயைந்தது.

வண்டலை எடுத்தவுடன் செடி வைத்தல் இல்லை. பச்சை வண்டல் கட்டியாக இறுகும் இயல்பினது. அதனை வெயிலில் பரப்பி உலர்த்தி, வெடித்த கட்டிகள் கோடைமழையில் நனைந்து தாமே உதிர்ந்தபின், பழைய மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலப்பர். ஆடிப்பட்டத்திற்குள் நிலம் ஆயத்தமாகும். ஐப்பசி மழையில் செடி வேர் கொள்ளும். குளம் வற்றும் பருவமும் மாடு ஓயும் பருவமும் மண் ஆறும் பருவமும் நடும் பருவமும் ஒரு சங்கிலியாக அமைந்தமை காண்க.

வண்டலோடு பிற பொருள்களும் மனைக்கு வந்தன. களித்தன்மை மிகுந்த இடத்திற்கு ஆற்றுமணல். வேர் அழுகாமல் நீர் வடிவதற்குக் குழியின் அடியில் சரளை. எருவிற்குத் தொழுவுரமும் அடுப்புச் சாம்பலும். பெருங்கொல்லை உடையோர் ஆட்டுக்கிடை அமர்த்துவதும் உண்டு. மந்தையை இரவில் நிலத்தில் மறித்து வைத்து அதன் புழுக்கையையும் நீரையும் எருவாகப் பெறுதல் கிடை எனப்படும். ஏனைய பொருள்கள் வண்டிக் கணக்கில் பெறப்பட, கிடை மட்டும் இரவுக் கணக்கில் பெறப்பட்டது. எருவைச் சுமந்து வருவதற்கு மாறாக, எரு தானே நடந்து வந்த முறை இது.

6. கூடை, வண்டி, யூனிட்

மண் கொள்வோனுக்கு முதல் இடர் அளவையே. பழைய அளவைகள் சுமப்போனின் உடலையும் ஊர்தியையும் சார்ந்தவை. தலைக்கு ஒரு கூடை. மாட்டிற்கு ஒரு வண்டி. தோண்டிய குழியை அளந்து கூலி தருமிடத்து, குழியின் நடுவே தோண்டாத மண்தூண் ஒன்றை விட்டுவைத்து, அதன் உயரத்தால் ஆழத்தைக் கணித்தனர். தோண்டுவோனும் கூலி தருவோனும் ஐயமின்றி ஒப்பும் சான்று அத்தூண்.

1956 ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தால் நாட்டில் மீட்டர் முறை ஏற்பட்டது. எனினும் மண், மணல், சரளை வணிகத்தில் நூறு கன அடியைக் குறிக்கும் யூனிட் என்னும் அளவையே இன்றும் மக்கள் வழக்கில் உள்ளது. அரசு ஆணைகள் கன மீட்டரில் பேசும். விற்போரும் வாங்குவோரும் யூனிட்டில் பேசுவர். அதற்கும் முன்னைய தலைமுறையினர் வண்டியில் பேசினர். ஒரு யூனிட் ஏறத்தாழ 2.83 கன மீட்டர். 2017 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அரசு அறிவிப்பு ஒரு டிராக்டர் சுமையை 3 கன மீட்டராகக் கொண்டது. அஃது ஒரு யூனிட்டிற்குச் சற்று மிகுதி. ஆகவே சுமை, யூனிட், கன மீட்டர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் காணுதல் இன்று எளிதாகின்றது.

இவ்வளவைகளைக் கொண்டு ஒரு மனையைக் கணக்கிடுவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் கொல்லை முழுவதும் அரை அடி உயரத்திற்கு மண் பரப்ப 653 கன அடி, அஃதாவது ஆறரை யூனிட் வேண்டும். ஒரே யூனிட் கொண்டு அரை அடி பரப்பினால் 200 சதுர அடியே நிரம்பும். அஃது அரைச் சென்ட்டிற்கும் குறைவு. முதன்முறை மண் கொள்வோர் ஏமாறும் இடம் இதுவே. சுமை பெரிதெனத் தோன்றும். நிலத்தில் கொட்டியபின் சிறிதாகும். மேலும் தோண்டிய மண் தளர்ந்து பெருத்திருக்கும். நீர் பட்டு அமர்ந்தபின் அளவு குறையும். அளந்து வாங்கிய உயரம் அடுத்த மழைக்குப்பின் நில்லாது.

முன்னோர் கொல்லை முழுவதையும் நிரப்ப முயன்றிலர், குழியையே நிரப்பினர். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடியாக வெட்டிய ஒரு மரக்குழி 27 கன அடி கொள்ளும். பத்துக் குழிக்கு 270 கன அடி. தோண்டிய மேல்மண்ணைப் பாதியளவு திரும்பச் சேர்த்தால், வெளியிலிருந்து கொணர வேண்டியது ஒன்றரை யூனிட்டிற்கும் குறைவே. மண்ணைச் சுமந்தவன் மண்ணின் அருமையை அறிந்திருந்தான் என்பதற்கு இம்முறையே சான்று.

7. செடித் தேர்வு

எம்மண்ணை எவ்வளவு கொணர முடியும் என்பதே எச்செடியை வைப்பது என்பதை வரையறுத்தது. இவ்வட்டாரத்து மனைச்செடிகளை அம்முறையில் மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, கொணர்ந்த மண்ணை வேண்டாதன. முருங்கை இவற்றுட் சிறந்தது. வறண்ட செம்மண்ணில் தழைக்கும். நீர் தேங்கினால் வாடும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் இது பெரும்பயிராக வளர்ந்தமை நிலத்தோடு ஒத்த தேர்வின் விளைவு. இம்மரத்தினத்திற்கு மேலைநாட்டுப் பயிர்நூலார் இட்ட மொரிங்கா என்னும் பெயரும் முருங்கை என்னும் நம் சொல்லிலிருந்தே சென்றது. வேம்பு, புங்கு, நெல்லி, புளி ஆகியனவும் இவ்வகையின.

இரண்டாம் வகை, குழிமண்ணை மட்டும் திருத்தினால் போதுவன. மா, கொய்யா, சீத்தா, எலுமிச்சை, கறிவேம்பு, மல்லிகை என்பன இவ்வகை. மல்லிகைக்கு நீர் வடியும் செம்மண்ணே உவப்பு. களி மிகுந்த வண்டலை மட்டும் இட்டால் வேர் அழுகும். நிலக்கோட்டைப் பகுதியும் திண்டுக்கல் பூச்சந்தையும் மலர்வணிகத்தில் பெயர் பெற்றமைக்கு இந்நில இயல்பு பெருந்துணை. இவ்வகையுள் கொய்யாவும் சீத்தாவும் அமெரிக்கக் கண்டத்தின. போர்த்துக்கேயர் வருகைக்குப்பின் பரவியவை. நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்குள் அவை நாட்டுமரங்கள் போலவே மதிக்கப்படும் நிலையை எய்தின. ஒரு செடி நம்முடையதா என்பதைப் பிறந்த இடம் மட்டும் முடிவு செய்வதில்லை. மண்ணோடு பொருந்துதலும் முடிவு செய்கின்றது.

மூன்றாம் வகை, வண்டலும் நீரும் இன்றி வாழாதன. வாழை, தென்னை, கமுகு, வெற்றிலைக்கொடி ஆகியன. கிணற்றடியிலும் குளியலறை நீர் பாயும் கால்வாயோரத்திலும் இவற்றை வைத்தமை நீர்ச்சிக்கனத்தின் பயன். சிறுமலை வாழை இவ்வட்டாரத்தின் பெருமை. புவிசார் குறியீடும் பெற்றது. ஆயின் அது மலையின் குளிர்ச்சியும் இலைமக்கும் வேண்டுவது. சுவையைக் கருதி அதன் கன்றைச் சமவெளிக் கொல்லையில் வைப்போர் அச்சுவையை எதிர்பார்த்தல் இயலாது. மேலும் முடிக்கொத்து நோய் அம்மலைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தமை கருதி, கன்று எங்கிருந்து வந்தது என்பதை வினவியே கொள்ளுதல் முறை.

இம்மூன்றோடு 19 ஆம் நூற்றாண்டில் நான்காவதாக ஒருவகை புகுந்தது. அது பயன் கருதாது அழகே கருதுவது. சென்னையில் 1835 இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைக் கழகம் போன்றவை அயல்நாட்டுச் செடிகளைப் பரப்பின. காகிதப்பூவும் குரோட்டனும் முதற்கண் அதிகாரிகளின் மாளிகை முகப்பில் நின்று, பின்னர் நடுத்தரக் குடும்பத்தார் வாயிலுக்கு வந்தன. முன்றில் அழகிற்கும் பின்புறம் பயனுக்கும் எனத் தோட்டம் இரண்டுபட்டது இதன்பின்னரே எனக் கருதலாம். 1947 இல் சின்னாளபட்டியை அடுத்துத் தோன்றிய காந்திகிராமமும் விடுதலைக்குப் பின்னைய ஊர்வளர்ச்சித் திட்டங்களும் வீட்டுக் காய்கறித் தோட்டத்தை மீண்டும் வலியுறுத்தின. அறிவுரை புதிதெனினும் பொருள் பழைய படப்பையே.

8. நீர் என்னும் வரம்பு

மண்ணைக் கொணரலாம்; நீரைக் கொணர்ந்து தோட்டம் காத்தல் நெடுநாள் இயலாது. இவ்வுண்மையைத் திண்டுக்கல் துன்பத்தோடு கற்றது. நகரைச் சூழ்ந்து தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஓடைகளிலும் குளங்களிலும் கலந்து கிணறுகளை உவர்ப்பாக்கியது. 1996 ஆம் ஆண்டு ஆகத்து 28 ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல் மாவட்டத்துத் தோற்சாலைகளையும் உட்கொண்டது. அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பெற்ற ஓர் ஆய்வின்படி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சார்ந்த 13 ஊர்களில் குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன.

நான்கு கிணறுகளில் மூன்று கெட்ட ஊரில் செடித் தேர்வு என்னும் சொல்லே வேறு பொருள் கொள்கின்றது. எலுமிச்சையும் வாழையும் உவர்நீரைப் பொறா. சப்போட்டா, தென்னை, நெல்லி, வேம்பு ஆகியன ஓரளவு பொறுக்கும். விரும்பியதை வைத்தவர் தாங்குவதை வைக்க நேர்ந்தது. இன்னொரு கேடும் இதனுள் மறைந்துள்ளது. கழிவுநீர் தேங்கிய குளத்து வண்டல் உப்பையும் நச்சுப்பொருளையும் தாங்கியிருக்கும். அதனைக் கொல்லையில் பரப்புதல் நோயை வீட்டிற்குள் அழைப்பதேயாம். வண்டல் என்றாலே வளம் என்னும் முன்னோர் துணிபு, குளம் தூயதாயிருந்த காலத்திற்கே பொருந்தும். இற்றைநாளில் மண்ணாய்வும் நீராய்வும் செய்யாது வண்டி வண்டியாகக் கொட்டுதல் பழமையைப் போற்றுதல் ஆகாது.

9. கழிவு கனிமமான வரலாறு

இனி, வண்டல் கொள்ளும் உரிமை எவ்வாறு மாறியது எனக் காண்போம். 1858 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கால் நடந்த குடிமராமத்தைச் சட்டத்தால் நிறுத்த முயன்ற முயற்சி அது. வழக்கம் தளர்ந்தமையே சட்டம் பிறந்தமைக்குக் காரணம் போலும். நீர்நிலை அரசின் பொறுப்பு என்னும் எண்ணம் வளரவே, குடிகளின் பொறுப்பு என்னும் எண்ணம் தேய்ந்தது.

அடுத்து, 1959 ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகள் வந்தன. களிமண், வண்டல், சரளை முதலியன சிறுகனிமம் என்னும் வகையுள் வந்தன. வீட்டுப் பயனுக்கும் உழவிற்கும் மண்பாண்டத் தொழிலிற்கும் குளத்து மண்ணைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அவ்விதிகள் இடந்தந்தன. எனினும் இசைவு பெறுதல் இன்றியமையாததாயிற்று. 2017 இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரோடு அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட அளவுகள் கருதத்தக்கன: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90, மண்பாண்டத்திற்கு 60, சொந்த வீட்டுப் பயனுக்கு 30. 2024 இல் இவ்விசைவை வட்டாட்சியர் அளவிலேயே வழங்க வழி செய்யப்பட்டது.

இவ்வெண்களை நிலத்தில் பரப்பிப் பார்ப்போம். ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்பது நிலமெங்கும் 2 சென்டிமீட்டர் தடிப்பிற்கும் குறைவு. 90 கன மீட்டர் என்பதும் ஓர் அங்குலத்தை எட்டாது. ஆனால் வீட்டுப் பயனுக்குரிய 30 கன மீட்டரை அரை அடி உயரத்திற்குப் பரப்பினால் ஏறத்தாழ 4.9 சென்ட் நிரம்பும். வயலுக்கு வண்டல் எருவாக அமைகின்றது. மனைக்கு வண்டல் நிலமாகவே அமைகின்றது. வீட்டுப் பயன் என்னும் பிரிவு மனைத்தோட்டத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை எனினும், ஒரு நடுத்தர மனையின் கொல்லையைத் திருத்த அவ்வளவு போதும் என்பது இக்கணக்கால் பெறப்படும்.

ஈண்டு வரலாற்றின் ஒரு திருப்பம் விளங்குகின்றது. சோழர் காலத்தார் வண்டலை வெளியேற்றப் பொன் வைத்தனர்; அது கழிவு. இக்காலத்தார் வண்டலைப் பெற மனு எழுதுகின்றனர், அது கனிமம். நடுவதற்கு இசைவு வேண்டிய செப்பேட்டுக் காலம் மறைந்தது; மண் கொள்வதற்கு இசைவு வேண்டும் காலம் வந்துள்ளது. இவ்விசைவை வெற்றுத்தடை எனப் பழித்தலும் முறையன்று. செங்கல்லுக்கும் மனைநிரப்பிற்கும் குளத்தை மிகையாகத் தோண்டினால் நீர் தாங்கும் அடிப்படுகை குலையும்; மேட்டிலும் பள்ளத்திலும் நீர் சிதறி மடையை எட்டாது. பண்டு வண்டிமாட்டின் வலிமையே தோண்டுதலுக்கு வரம்பாக இருந்தது. இயந்திரத்திற்கு அவ்வரம்பு இன்மையின் விதி வரம்பாக வேண்டியிருக்கின்றது.

குறை விதியில் அன்று, பிரிவில் உள்ளது. மண் வேண்டுவோன் இன்று விற்பவனிடம் யூனிட் கணக்கில் வாங்குகின்றான். அம்மண் எந்தக் குளத்தது, எந்த மலையடிவாரத்தது என்பதை அறியான். அறிய முயல்வதும் இலன். குளத்தைத் தூர்வாருவோன் அவ்வண்டல் எக்கொல்லைக்குச் செல்லும் என்பதை எண்ணான். பண்டு ஒரே வண்டி இருவர் குறையையும் தீர்த்தது. இன்று இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று அறியாமல் செல்கின்றன.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வரியேடுகளில் இடம்பெறாத மனைத்தோட்டத்திற்கும் வரலாறு உண்டு என்பதும், அதனைச் சொல், செப்பேடு, அளவை, சட்டம் ஆகிய நான்கு சான்றுகளால் ஒருவாறு மீட்டெடுக்கலாம் என்பதும் தெளிவாகும். திண்டுக்கல் சமவெளியில் அவ்வரலாறு மண்ணைச் சுமந்த வரலாறே. கொணர்ந்த மண்ணின் அளவு செடியை வரையறுத்தது. கிணற்று நீரின் தன்மை அச்செடியின் வாழ்வை வரையறுத்தது. குளத்தின் நலம் இரண்டிற்கும் முதலாயிற்று.

இவ்வாய்வு தொடக்கமே. கூடை, வண்டி, கிடை பற்றிய வட்டார வழக்குச் சொற்களும், மண்ணைச் சுவைத்தும் கையில் உருட்டியும் தேர்ந்த முறைகளும், குளந்தோறும் வண்டல் எடுத்தற்கு இருந்த ஊர்க்கட்டுப்பாடுகளும் முதியோர் நினைவிலேயே எஞ்சியுள்ளன. வண்டி மாடு ஓட்டிய தலைமுறை மறைவதற்குள் அவற்றைத் தொகுத்தல் தமிழாராய்ச்சி மாணவர் கடன். சொற்களஞ்சியப் பணியாக மட்டும் அதனைக் கருதுதல் வேண்டா. தன் கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை ஊன்ற எண்ணுவோன், குழியில் இடும் மண் எந்தக் குளத்தினின்று வந்தது என வினவும் நிலை மீண்டும் ஏற்படுமாயின், அக்குளமும் பிழைக்கும், அக்கொல்லையும் தழைக்கும்.